எட்டு நிமிஷமும் சிவப்பு டார்ச்சும்

மேடையேறுபவரைக் கைதட்டி வரவேற்க எல்லோரும் இருப்பார்கள். இறங்கச் சொல்ல ஒருவன்தான், கெட்ட பெயரும் அவனுக்குத்தான். மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சின்ன நாடக அரங்கில், புதன்கிழமை மாலைதோறும் நடந்த இலவச மேடையில் அந்த ஒருவன் நான். பாட்டோ, கதையோ, நகைச்சுவையோ, ஆளுக்கு எட்டு நிமிஷம். நேரம் முடிந்தால் கடைசி வரிசையிலிருந்து சிவப்பு டார்ச் அடிப்பேன். கொடுத்த மைக்கைத் திரும்ப வாங்கப் பாடுபட்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

இலவசம்தானா?

ஆரம்பத்தில் எண்பது நாற்காலிக்குப் பதினோரு பேர்தான். படியடியில் நின்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிடுவேன். பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த விமலா அக்கா ஒரு நாள் நின்றார். டிக்கெட் கிடையாது, சும்மா வாங்க என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

“உள்ள உக்கார வச்சி வாட்டர் ஃபில்டர் விப்பீங்கதானே லா?”

வாத்தியார்

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பாட வந்தார். எட்டாவது நிமிஷம் டார்ச் அடித்தேன். அவர் கண்ணை மூடி இன்னும் உருகிப் பாடினார். விடாமல் அடித்தேன். இருபதாவது நிமிஷம் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சோகப் பாட்டுக்குச் சிவப்பு லைட் போடணும்னு எப்படித் தம்பி தெரிஞ்சது?”

தட்டு

ஃபில்டருக்குப் பயந்த விமலா அக்கா, மூன்றே மாதத்தில் மேடைக்கு வந்துவிட்டார். பேசுவதெல்லாம் வீட்டுக்காரரைப் பற்றித்தான். சேகர் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ‘கண்டெய்னரையே தூக்குற மனுஷன், சாப்பிட்ட தட்டத் தூக்க மாட்டாரு’ என்று அக்கா சொன்னால் மாடியே அதிரும். அவருக்காகவே கூட்டம் வந்தது. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஓட்டின்னு சொல்லிட்டு வரேன். ஓவர்டைம்னா அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு.”

நான்காவது வரிசை

ஒரு புதன்கிழமை அக்கா பாதியில் நின்றுபோனார். நான்காவது வரிசையில் துறைமுகச் சட்டையோடு சேகர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எப்படியாவது அக்காவை இறக்கிவிடலாம் என்று மூன்றாவது நிமிஷத்திலேயே டார்ச் அடித்தேன். அக்கா பார்த்தார், இறங்கவில்லை. தட்டுக் கதையை அண்ணன் முகத்தைப் பார்த்தே சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அண்ணன் எழுந்து போய்விட்டார்.

“சொல்லி முடிச்சிட்டேன் தம்பி. இனி வீட்டுக்குப் போகத்தான் பயமா இருக்கு.”

அண்ணனின் முறை

அடுத்த இரண்டு வாரம் அக்கா வரவில்லை. மூன்றாம் வாரம் சேகர் அண்ணன் படியேறி வந்தார். சண்டைக்குத்தான் என்று எழுந்து நின்றேன். அவர் பெயர் எழுதும் தாளைக் கேட்டார்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தட்டு விஷயம் உண்மைதான். கிரேன் மேல நாள் பூரா தனியா இருக்கேன். வீட்டுக்கு வந்தா பேச்சு வரமாட்டேங்குது. எண்பது பேருகிட்டப் பேசுறா, எங்கிட்டப் பேசலையேன்னு கோவம். அப்புறம் யோசிச்சேன், நான் என்னைக்கு உக்காந்து கேட்டேன்?” அதோடு மைக்கைக் கீழே வைக்கப் போனார்.

“இன்னும் மூணு நிமிஷம் இருக்குண்ணே” என்றேன். அப்போதுதான் வாசலில் நின்ற விமலா அக்காவைக் கவனித்தேன். ‘கிளம்பு’ என்று மட்டும் சொல்லி அண்ணன்தான் கூட்டி வந்திருக்கிறார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பரவால்ல தம்பி, மிச்சத்த வீட்டுல கேட்டுக்கிறேன்.”

அந்த மாடி இப்போது சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதி. நாலு வருஷம் ஊரையே பேச்சை நிறுத்தச் சொன்ன பாவத்துக்கு, புதன்கிழமை மாலைகளில் யாராவது வந்து எதையாவது பேச மாட்டார்களா என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.