பத்துக்குப் பத்து வாங்கிய கார்

கார் வாங்கி ஆறாவது வாரம், பெரிய மார்க்கெட் பக்கத்தில், முன்னால் மீன் கூடைகளோடு ஒரு ஆட்டோவும் பின்னால் ஒரு கல்லூரிப் பேருந்தும் நிற்க, நடுவில் எங்கள் என்ஜின் அணைந்தது. இருமவில்லை, குலுங்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போகிறவரைப் போல அணைந்தது. சாவியைத் திருப்பினால் சுற்றியது, பிடிக்கவில்லை. பேருந்து ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர், "கியர்ல இருக்கா பாரு," என்றார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர். எதிலும் ஒரு இலக்கணப் பிழையாவது கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

நாலு பேர் தள்ளி ஓரங்கட்டினார்கள். இருபது நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

மறுநாள் ஷோரூமுக்கு எடுத்துப்போனேன். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து விழுப்புரம் சாலையில் கொஞ்ச தூரம்தான். கண்ணாடிக் கட்டடம், உள்ளே நல்ல குளிர், ஒரு காபி இயந்திரம், பின்பக்கம் ஒர்க்‌ஷாப். முப்பது வயது மதிக்கத்தக்க சர்வீஸ் அட்வைசர் ஒருவர் கையில் டேப்லெட்டோடு வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சுத்தமா ஆஃப் ஆயிடுதா, இல்ல ஆஃப் ஆவற மாதிரி இருக்குதா மேடம்?" என்று கேட்டார்.

"பின்னால இருந்த பஸ்காரரு எங்க அம்மா வரைக்கும் திட்டற அளவுக்கு ஆஃப் ஆச்சு," என்றேன்.

அதையும் டைப் செய்துகொண்டார்.

சாயங்காலம் போன் வந்தது. "வண்டில ஒண்ணுமில்ல மேடம். கம்ப்யூட்டர் போட்டுப் பாத்துட்டோம். எல்லாம் நார்மல்."

நான் கோரிமேட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வெளியே போய் வாசற்படியிலேயே மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கோபம் வரவில்லை. முதல் தடவை.

இரண்டாம் தடவை ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள். மூன்றாம் தடவை பெட்ரோல் சரியில்லை என்றார்கள். நான்காம் தடவை பேட்டரி. ஐந்தாம் தடவை என்ஜினுக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். ஆறாம் தடவை மாற்ற எதுவும் மிச்சமில்லாததால் என்னை மாற்றப் பார்த்தார்கள். கிளட்ச்சை எப்படி மிதிக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் மேனேஜர் எனக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவள் நான். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றுவிட்டது.

அதற்குள் எனக்கு நோய் புரிந்திருந்தது, மருந்துதான் தெரியவில்லை. லேப் பழக்கத்தில், நின்ற ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். வெயிலோ புழுக்கமோ இருக்க வேண்டும், ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அரை மணிக்கு மேல் ஊர்ந்து ஊர்ந்து போயிருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் நிற்கும். ஆறினால் ஓடும். ஏழாம் தடவை போனபோது நோட்டை ஒர்க்‌ஷாப் மேனேஜரிடம் காட்டினேன்.

"நீங்க காலைல எட்டு மணிக்கு பைபாஸ்ல ஓட்டிப் பாக்கறீங்க. அங்க இது குதிர மாதிரி ஓடும். சாயந்திரம் ஏசிய போட்டுக்கினு மார்க்கெட்ட நாலு சுத்து சுத்துங்க சார், அப்பத் தெரியும்."

"எங்க டெஸ்ட் ப்ரொசீஜர்ல அந்த ரூட் இல்ல மேடம்," என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

என் கணவர் புகார் எழுதும் வேலையை எடுத்துக்கொண்டார். கம்பெனிக்கு நாலு மின்னஞ்சல் அனுப்பினார். ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. முன்னுரையும் முடிவுரையும் இருந்தன. நாலுக்கும் ஒரே பதில்தான் வந்தது: உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. ஐந்தாவதை பிரெஞ்சில் எழுதப்போவதாக மிரட்டினார். யாரை மிரட்டினார் என்று தெரியவில்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

என் வழி வேறு. அதை வழி என்று சொல்வதும் பொய். வெறும் குறும்பு.

முதல் தடவை காரைத் திருப்பி எடுக்கும்போதே அட்வைசர் கதவைத் திறந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மேடம், ரெண்டு நாள்ல ஒரு கால் வரும். சர்வீஸ் எப்படின்னு கேப்பாங்க. பத்து குடுத்துடுங்க," என்றார்.

"ஒன்பது குடுத்தா?"

"ஃபெயில் மேடம். எட்டுன்னா என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேப்பாங்க. போன வாரந்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு."

ஒன்பது வாங்கியவர் ஃபெயிலாகும் பரீட்சையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பரிதாபப்பட்டுப் பத்து கொடுத்தேன். அடுத்தடுத்த தடவைகளில் பரிதாபம் குறைந்து ருசி கூடிவிட்டது. கூப்பிடும் பெண்ணின் குரலில் ஒரு பாட்டுப்போல ராகம் இருக்கும்.

"வணக்கம் மேடம், உங்க வண்டியில இருந்த பிரச்சினை சரியாயிடுச்சா?"

"இல்லம்மா. நேத்தும் நின்னுடுச்சு."

"ஓ... சாரி மேடம். அப்ப எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் குடுப்பீங்க?"

"பத்து."

"பத்தா மேடம்?"

"ஆமாம்மா. காபி நல்லா இருந்துச்சு. வண்டியக் கழுவிக்கூடக் குடுத்தாங்க. பளபளன்னு நின்னுச்சு நடுரோட்டுல."

"அதையும் எழுதிக்கட்டுமா மேடம்?"

"பத்த மட்டும் எழுதிக்கம்மா."

ஏழு தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஏழு பத்துகள் கொடுத்தேன். "உனக்கு வெக்கமே இல்லியா?" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பத்துகள் எங்கோ ஒரு கணினியில் கூட்டல் ஆகிக்கொண்டிருந்தது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் வேலையில் இருக்கும்போது போன். ராகப் பெண் இல்லை. ஷோரூம் கிளை மேலாளரே பேசினார். இந்த வருடத்தின் மிகத் திருப்தியான வாடிக்கையாளராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷோரூமில் சின்ன விழா. சென்னையிலிருந்து மண்டலத் தலைவர் வந்து எனக்கு நினைவுப் பரிசு கொடுக்கிறார். நான் கையிலிருந்த ரத்த டியூபைக் கீழே போடாமல் ஸ்டாண்டில் வைத்தது என் தொழில் பக்திக்குச் சாட்சி.

"போகாத," என்றார் கணவர்.

"பட்டுப்புடவ கட்டலாமா, காட்டனே போதுமா?" என்றேன்.

பட்டுதான் கட்டினேன். போகாதே என்றவரும் கூடவே வந்தார். ஷோரூம் வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். அட்வைசர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். பரிசு வாங்கப்போவது நான்தான் என்று தெரிந்திருந்தும், சிரிப்பு பாதியிலேயே நின்றது. மண்டலத் தலைவர் ஐம்பதைத் தாண்டியவர், கோட்டு போட்டிருந்தார், களைத்த கண்கள். ஒரு கண்ணாடிக் கோப்பையையும் பூங்கொத்தையும் கொடுத்துவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. "இது எனக்கு அம்மா வீடு மாதிரி. எட்டு மாசத்துல ஏழு தடவ வந்துட்டேன். எங்க அம்மா வீட்டுக்கே அவ்ளோ தடவ போனதில்ல," என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அட்வைசர் மட்டும் தரையைப் பார்த்தார். கைதட்டல் கொடுத்த தைரியத்தில் அடுத்ததையும் சொல்லிவிட்டேன்: "ஒரே ஒரு ஆச. சார் இன்னிக்கு என் கார்லயே ஹோட்டலுக்கு வரணும். நானே ஓட்டிக்கினு போய் விடறேன்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவரால் மறுக்க முடியவில்லை. கிளை மேலாளர் அட்வைசரின் காதில் ஏதோ சொல்ல, அவரும் பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பின் சீட்டில் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஹோட்டல் கடற்கரைப் பக்கம். நேராகப் போனால் இருபது நிமிடம். நான் நேராகப் போகவில்லை. ஞாயிறு சாயங்காலம், சண்டே மார்க்கெட்; சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் வாளி எல்லாம் தெருவில் பரப்பியிருக்கும். அதன் ஓரமாக வண்டியை விட்டேன். வெயில் தாழ்ந்தும் புழுக்கம் குறையவில்லை. ஏசியை முழுதாக வைத்தேன். ஜனம் கண்ணாடியில் கைவைத்து வழி கேட்டுப் போனது. முதல் கியர், நிறுத்தம், முதல் கியர், நிறுத்தம்.

அரை மணி ஆயிற்று. கார் நிற்கவில்லை.

நாற்பது நிமிடம். நிற்கவில்லை. ஏழு மாதமாக நிற்கக் கூடாத இடமெல்லாம் பார்த்து நின்ற வண்டி, அன்று சமர்த்தாக ஓடியது. கண்ணாடியில் பார்த்தேன், அட்வைசர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நின்றுவிடக் கூடாது என்று அவர் வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். நானும் என் பங்குக்கு மணக்குள விநாயகரை வேண்டிக்கொண்டேன், எதிர்த்திசையில். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வெள்ளைக்காரத் தெருக்களுக்குள் நுழைந்து ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"மேடம், இந்த மஞ்சள் பில்டிங்க முன்னாடியே பாத்த மாதிரி இருக்கே?" என்றார் மண்டலத் தலைவர்.

"இங்க எல்லாமே மஞ்சள்தான் சார்."

பின்னாலிருந்து என் கணவர் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். கெட்ட வார்த்தைகளை அந்த மொழியில் மட்டும் சொல்வது அவர் வழக்கம்.

மூன்றாவது சுற்றில் எனக்கே வெட்கமாகிவிட்டது. பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு, ஒரு பெரிய மனிதரைக் கடத்திக்கொண்டு ஊரைச் சுற்றுகிறேன். தோற்றுப்போனேன் என்று முடிவுசெய்து ஹோட்டல் தெருவுக்குத் திருப்பினேன். வாசல் தெரிந்தது. முப்பது அடி இருக்கும். அங்கே அணைந்தது.

சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. பின்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்று ஹாரனை அமுக்கியது. அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் மண்டலத் தலைவர்.

"வழக்கம்போல சார்."

அவர் இறங்கி, சுற்றி வந்து, என்னை நகரச் சொல்லி, தானே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பார்த்தார். மூன்று தடவை. பிறகு இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தார். அதற்குள் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னாது இது, ரோட்ட அடச்சிக்கினு? தள்ளுங்க, தள்ளுங்க! யோவ் கோட்டு, வேடிக்க பாக்கறியா? கைய வெய்யா!"

மண்டலத் தலைவர் கைவைத்தார். அட்வைசர் பூங்கொத்தை என் கணவரிடம் கொடுத்துவிட்டு மறுபக்கம் கைவைத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். என் கணவர் பூங்கொத்தோடு பின்னால் நடந்துவந்தார். சுற்றுலாப் பேருந்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள்.

ஓரங்கட்டியதும் மண்டலத் தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எத்தனாவது தடவ மேடம்?"

"நடுரோட்டுல நின்னது பன்னண்டாவது தடவ சார்."

"அப்புறம் எதுக்கு ஏழு தடவையும் பத்து குடுத்தீங்க?"

"ஒன்பது குடுத்தா ஃபெயிலுன்னு சொன்னாங்க சார்."

அட்வைசரை நிமிர்ந்து பார்த்தார். அட்வைசர் தன் ஷூவைப் பார்த்தார். மண்டலத் தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். என் நோட்டைப் பற்றி என் கணவர்தான் சொன்னார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் கடைசிப் பக்கம் வரை படித்தார். தானும் ஒர்க்‌ஷாப்பில் வேலையைத் தொடங்கியவன்தான் என்றும், இப்போது மார்க் ஷீட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்றும் சொன்னார்.

அவர் திங்கட்கிழமை சென்னை திரும்பவில்லை. மடிக்கணினியைக் காரோடு இணைத்து, அட்வைசரைப் பின்னால் உட்காரவைத்து, என் நோட்டில் இருந்தபடியே மாலையில் ஏசி போட்டு மார்க்கெட்டைச் சுற்றினார்கள். கார் இரண்டாம் சுற்றில் மீன்காரர்கள் பக்கம் நின்றது. என்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் சென்சார் ஒன்று, கட்டைவிரல் அளவுதான், சூடேறினால் பேச்சை நிறுத்திவிடுகிறது. ஆறியதும் மறுபடி பேசுகிறது. அதனால்தான் காலைப் பரிசோதனையில் ஒருநாளும் அது பிடிபடவில்லை. மாற்றிக் கொடுத்தார்கள்.

ஆனால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. என் விளையாட்டில் அந்த அட்வைசர் பையனுக்கு வேலை போய்விட்டதோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"அட விடுங்க மேடம். டோஸ் விழுந்துது, வேல இருக்குது. நெசத்த சொல்லட்டா? அன்னிக்கி வண்டி நிக்கணும்னுதான் நானும் பின்னால உக்காந்து வேண்டிக்கினு வந்தேன். உங்களுக்கு 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கசந்துடுச்சு."

இரண்டு பேர் ஒரே வேண்டுதலோடு அந்த ஊர்வலத்தில் போயிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

அடுத்த மாதம் விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. நடுப்பகல் வெயிலில், ஏசி போட்டு, வில்லியனூர் நெரிசலில் ஊர்ந்து போனோம். என் கணவர் வழியெல்லாம் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தார். எதுவும் நடக்கவில்லை. மண்டப வாசலில் நிறுத்தி இறங்கும்போது அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. உள்ளே போய்ச் சொந்தக்காரர்களிடம் சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை.