எங்கள் சந்தின் ஓட்டு

அய்யாவு மாமா கௌதள்ளியிலிருந்து கம்பி கட்டும் வேலைக்கு மைசூருக்கு வந்தவர். என் அக்கா சொர்ணலதாவின் புருஷன். எங்கள் தமிழ்ச் சந்தில் அவர் வாயைத் திறக்காமல் ஒருவரும் ஓட்டுப் போடப் போகமாட்டார்கள்.

நாங்கள் கட்சி மாறாதவர்கள் என்று நான் பீற்றிக்கொள்ள மாட்டேன். குழாய் போட்டுக் கொடுத்த கட்சிக்குக் கொஞ்ச காலம், கரண்ட் இழுத்துக் கொடுத்த கட்சிக்குக் கொஞ்ச காலம், பட்டா தருகிறேன் என்ற கட்சிக்கு அதற்கப்புறம். ஆனால் மாறினால் சந்தே சேர்ந்துதான் மாறும். மாரியம்மன் கோயிலில் மாமா முதலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார். மற்றவர்கள் பின்னாலேயே அடிப்பார்கள்.

இந்தமுறை வார்டு தேர்தலுக்கு அந்தப் பட்டாக் கட்சியில் உமேஷ் நிற்பதாகப் பேச்சு. கன்னடக்காரர், ஆனால் எங்கள் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவறாமல் வருகிறவர். உமேஷையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமா கற்பூரம் அடித்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆவேசம் தலைக்கேறி, "உமேஷண்ணனுக்குத்தான் போடுவோம். எம்மக வயித்துல இருக்கற புள்ளை மேல சத்தியம்" என்றுவிட்டார். அந்த வார்த்தையை யார் கேட்டார்கள் இவரிடம்? மகள் அஷ்வினிக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் என்ன, சீட்டு கிடைக்காத உமேஷ் ஒரே தாவாக எதிர்க்கட்சிக்குத் தாவினார். எங்கள் சந்தை இடித்துத் தள்ளச் சொல்லி ஊர்வலம் போன அதே கட்சி! அவருக்கு ஓட்டுப் போட்டால் வீடு போகும். போடாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

உமேஷ் புதுத் துண்டோடு வந்து, சத்தியத்தைப் பணிவாக ஞாபகப்படுத்தினார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் முன்னால் வந்தாள். கன்னடத்தில் அவள் கேட்டதைச் சொல்கிறேன்: "அன்னைக்கு நீங்களும் அதே கற்பூரத்துலதானே கை வெச்சீங்கண்ணா, இந்தச் சந்தைக் கைவிட மாட்டேன்னு? அது என்ன ஆச்சு?"

உமேஷ் புதுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அதுவே போதும். மாமாவுக்குப் போதவில்லை, மனுஷன் அன்று ராத்திரியும் சாப்பிடாமலேயே படுத்தார். மறுநாள் அக்கா அவரைப் பூக்கேட்கக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார்கள். வெள்ளை வந்தால் சத்தியத்திலிருந்து விடுதலை. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

மாமா கோயில் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

ஓட்டுப் போடும் நாள் காலையில் வழக்கம்போல எல்லோரும் அவர் வாசலில் வந்து நின்றார்கள். "இனிமேல் என்னைக் கேக்க வேண்டாம். அவங்கவங்களுக்குப் புடிச்சவங்களுக்குப் போடுங்க" என்றார். சிலருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாவம், இத்தனை வருஷத்தில் தனியாக யோசித்துப் பழக்கமில்லையே! ஆளுக்கொரு பக்கம் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மாமா மட்டும் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

ஓட்டு எண்ணுகிற அன்றைக்குத்தான் அஷ்வினிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் எல்லோர் கண்ணும் செல்போனில். நர்ஸ் ஸ்வீட்டி வெளியே வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்றாள். மாமா குழந்தையை வாங்கினார். துணியை மெல்ல விலக்கி, கையையும் காலையும் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார்.

வெளியே வெடிச்சத்தம் கேட்டது. "உமேஷ் தோத்துட்டாராம் மாமா" என்றேன்.

"யாரு மாப்ளே?" என்றார், குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.