பாஸ்போர்ட்டிலிருந்து எடுத்த படம்

என் மனைவிக்கு மூச்சு வாங்குவது தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில்தான் முதலில் தெரிந்தது. கூடையோடு மேட்டில் ஏறும்போது நாலு செடிக்கு ஒரு தரம் நிற்பாள். சிலோனில் இருந்தபோதும் அப்படித்தான். அங்கே கங்காணி அதைச் சோம்பேறித்தனம் என்பார். நானும் ஒன்றிரண்டு முறை அப்படி நினைத்திருக்கிறேன்.

பந்தலூர்ப் பக்கம் வந்து இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் அவள் கால் வீங்கிவிட்டது. கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, சென்னையில் ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள், மாத்திரை நாளைத் தள்ளத்தான் உதவும் என்றார் டாக்டர். பதினைந்தாயிரம் ஆகும் என்றார். எங்கள் இருவருக்கும் எஸ்டேட்டில் பெயர்ப் பதிவு கிடையாது, தினக்கூலி. பதிவு உள்ளவர்களுக்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஊசி, மாத்திரைக்கு மேல் எதுவும் இல்லை. அவளுடைய தோட்டை விற்றோம். சொந்தக்காரர்கள் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை.

நம்பிக்கை என்று இருந்தது ஒரு கடன்தான். சிலோனிலிருந்து திருப்பி அனுப்பிக் கப்பலில் வந்து இறங்கியபோது, கடை வைத்துப் பிழைத்துக்கொள்ள ஐயாயிரம் கடன் என்று சர்க்காரில் எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்காகக் கீழ்நாட்டில் ஓர் ஊரையும் காட்டினார்கள். கடை வைக்க எனக்குத் தெரியாது. வருகிறவர்களிடம் பேச வேண்டுமே. அவளுடைய உறவுக்காரர்கள் இருந்த இந்த மலைக்கு ஏறி வந்துவிட்டோம். கடனைக் கூடலூர் ஆபீசுக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கடை வைக்கிறேன் என்று சொல்லி வாங்கி ஆபரேஷனுக்குக் கட்டிவிடலாம் என்று இருந்தேன். பொய்தான். கேட்டால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியுமா என்றுதான் பயம்.

அப்போது பஜாரில் பேப்பர் ஏஜென்ட் ஒருவர் இருந்தார், கோயம்புத்தூர்க்காரர். பேப்பருக்குச் செய்தியும் அனுப்புவார். என் கதையை யாரோ சொல்லி, அவரே என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, பேப்பர்ல போட்டுட்டா நாலு நல்லவங்க கண்ணுல படுமுங்க. சம்சாரத்தோட படம் இருக்குதுங்களா?"

"பாஸ்போட்டுல ஒண்ணு இருக்குதுங்க."

"அந்தப் பாஸ்போர்ட்டையே கொண்டாங்க. ஸ்டுடியோவுல காப்பி எடுத்துட்டு அப்படியே தந்துடறேன்."

அந்தப் படத்தில் நாங்கள் இருவரும் இருந்தோம். கண்டியில் எடுத்தது. தோள் இடிக்க உட்கார்ந்திருப்போம், கீழே இருவர் தோள் மேலும் படும்படி சர்க்கார் முத்திரை. காப்பி எடுத்தால் பேப்பரில் என் முகமும் வருமா என்று கேட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. கேட்கவில்லை. பஜாரில் டீக்கடையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்ற நினைப்பிலேயே எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுப் படத்தை உரித்தேன். சவர பிளேடால் நடுவே கீறினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

"என்னங்க, அத்துவிடுறீங்களா என்னைய?"

"பேப்பருக்கு ஒன்னோட படம் மட்டும் போதும்."

"அவரு அப்படியா சொன்னாரு?"

பிளேடைத் துடைத்து மாடத்தில் வைத்தேன்.

"கடலத் தாண்டி ஒண்ணாத்தான் வந்தோம். பிச்சைக்கு மட்டும் என்னையத் தனியா அனுப்புறீங்க." சிரிக்கத் தொடங்கி இருமினாள். "போங்க, போங்க. நான் நல்லாத்தான் இருக்கேன் அதுல."

என் பாதியைச் சோற்றுப் பசையால் பாஸ்போர்ட்டில் திரும்ப ஒட்டினேன். முத்திரையில் முக்கால்வாசி என் தோள் மேல் இருந்தது. மீதி அவளோடு போய்விட்டது. ஏஜென்ட் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, "அட, எதுக்குங்க வெட்டுனீங்க? அவங்கள மட்டும் எடுக்க ஸ்டுடியோக்காரனுக்குத் தெரியாதுங்களா?" என்றார். பிறகு உறையில் போட்டுக்கொண்டார். அந்தத் துண்டு எங்கோ தபாலில் தவறிவிட்டது என்று பின்னால் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பேப்பரில் வந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது ஒருவன், "ஏய் சிலோனு, ஒம் பொண்டாட்டி பேப்பருல வந்துட்டா, நீ எங்கப்பா ஒளிஞ்சுக்கிட்ட?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாகத் தோன்றவில்லை. மணியார்டர்கள் வந்தன. ஐந்து ரூபாய், பத்து, பதினொன்று. அடித்துண்டில் "சகோதரி நலம் பெற வேண்டும்" என்று முகம் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். அவற்றை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். ஐந்தாவது வரை படித்தவன் நான். அவள் பள்ளிக்கூடமே போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் கூடலூர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கடன் மாற்றலாகி வந்துவிட்டது, பாஸ்போர்ட்டோடு வரவும்.

கிளார்க் நல்ல மனிதர்தான். என்னை உட்காரச் சொன்னார். பாஸ்போர்ட்டைப் பிரித்து, ஒட்டியிருந்த பாதியை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னங்க இது? சம்சாரம் எங்கே?"

"படத்த வெட்டிட்டேனுங்க."

"முத்திரை அறுந்து கிடக்குதேங்க. இத நான் மேல அனுப்புனா என் வேலை போயிடுமுங்க."

சட்டைப் பையில் பேப்பர் துண்டு இருந்தது. அவள் முகம் அதில் இருக்கிறது, பார்த்தால் நம்புவார் என்று எடுத்து மேசையில் வைத்தேன். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அதன் கீழே இருந்ததை நிதானமாக வாசித்தார். வாசித்து முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏனுங்க, கடன் கடை வைக்கத்தானுங்களே? இதுல ஆபரேஷனுக்குப் பணமில்லைன்னு போட்டிருக்குது."

தலையைக் குனிந்துகொண்டேன். கடை வைக்கிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டை என் பக்கம் தள்ளினார். "இத நான் பாக்கலைங்க. ரெண்டு பேரும் புதுசா போட்டோ எடுத்து, வேற பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க. அது வந்ததும் வாங்க."

புதுப் போட்டோவுக்குக் கூடலூர் போக வேண்டும். லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு ஏற்றம். நாலு பேர் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். மழை விடட்டும் என்றாள் அவள். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் மழை விடாது. ஒரு நாள் பகலில், கொழுந்து நிறுக்கும் நேரத்தில், பக்கத்து வீட்டுப் பெண் மலைக்கு ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போய்ச் சேரும்போது முடிந்திருந்தது.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் ஒருவர் லயத்தைத் தேடிக்கொண்டு வந்தார். அருவங்காடு பேக்டரியில் வேலை செய்கிறவர். பேப்பரைப் பார்த்துவிட்டு, சம்பள நாள் வரை காத்திருந்து, தன் செக்‌ஷனில் வசூல் பண்ணிக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

சொன்னேன். அவர் குடையை மடக்கக்கூட மறந்து வாசலிலேயே நின்றார். பிறகு கவரை நீட்டினார்.

"வேண்டாமுங்க. வைத்தியத்துக்குன்னு குடுத்தது."

"குடுத்தவங்ககிட்டப் போய் நான் என்னன்னு சொல்லுவேன்? செலவு இருக்குமில்லீங்க, வச்சுக்கோங்க."

ஏறத்தாழ சண்டை போல இரண்டு மூன்று முறை கவர் போய்வந்தது. கடைசியில் அவரே வைத்துக்கொண்டார். ஹார்லிக்ஸை மட்டும் திரும்ப வாங்க ஒரேயடியாக மறுத்துவிட்டார். ரோடு வரை அவரோடு நடந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது, அதில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். யாரிடமும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தொள்ளாயிரத்துச் சொச்சம் என்றார்.

பஸ் போன பிறகும் ரோட்டோரத்தில் நின்று கூட்டிப் பார்த்தேன். தோட்டை விற்றது, சொந்தக்காரர்கள் தந்தது, மணியார்டர்கள், இந்தக் கவர், கிடைக்காத அந்த ஐயாயிரம். எல்லாம் சேர்த்தாலும் டாக்டர் சொன்னதில் பாதிதான் வந்தது. நான் பிளேடை எடுக்காமல் இருந்திருந்தாலும் அவள் சென்னைக்குப் போயிருக்க மாட்டாள். அதைக் கண்டுபிடித்த நிமிடத்தில் என் நெஞ்சு லேசானது. நன்றாக மூச்சு வந்தது. அவள் செத்து இருபது நாள்கூட ஆகவில்லை. எனக்கு அப்படி மூச்சு வந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.