பின்விளக்கில் வளர்த்த மீன்

என் காரின் இடது பின்விளக்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

முதல் மழைக்கு உள்ளே லேசான பனிதான் படிந்தது. சூடான காபியைக் குடிக்கக் குனிந்தவரின் மூக்குக் கண்ணாடி மாதிரி. அடுத்த மழைக்கு விளக்கின் அடியில் தண்ணீரே தேங்கி, வண்டி திரும்பும்போதெல்லாம் தளும்ப ஆரம்பித்தது.

"ஏனுங்க, அதையக் கழட்டிக் காய வெச்சு, ரப்பரை மாத்தச் சொல்லுங்க" என்றார் மனைவி.

சொன்னால் கேட்கிற ஆளா நான்? நானே குனிந்து ஆராய்ந்தேன். விளக்கின் அடியில் ஒரு சின்னத் துளை. ஆஹா... இதுதான் வழி! பசையைக் குழைத்து அழுத்தி அடைத்தேன். ஈரம் வெளியேறட்டும் என்று விளக்கைச் செய்தவர்களே வைத்த துளை அது என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் வருகிற வழியை விட்டுவிட்டு, போகிற வழியை அடைத்திருக்கிறேன். வெயில் ஏறியதும் விளக்கு முழுக்க இட்லிப் பானை போல ஆவி.

போன ஞாயிறு எருமப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. நாமக்கல்லில் இருந்து கிளம்பினோம். என் மச்சினன் குமரேசனின் மகள் இனியா, நாலு வயசு, விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இதுக்குள்ள எதுக்குங்க தண்ணி?"

"மீன் வளக்கறேன் சாமி."

"மீன் எங்க?"

"தூங்குது. வண்டி ஓடுனாத்தான் வெளிய வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் ஜோக்குக்கு நானே முதலில் சிரித்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியாததா?

கார் சீட்டு முழுக்கச் சீர்த் தட்டுகள். இனியாவுக்குக் காரில் ஏறினாலே வாந்தி. ஆகவே அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நானும் மனைவியும் காரில். அவர்கள் எங்களுக்குப் பின்னால்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குமரேசன் வடக்கே லாரி ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்கு ரோட்டில் தனி பாஷை உண்டு. முன்னால் போகிற வண்டி வேகத்தைக் குறைத்து இடது இண்டிகேட்டரைப் போட்டால், 'எதிரே யாரும் இல்லை, நீ முந்திப் போ' என்று அர்த்தம். எத்தனையோ ராத்திரிகள் முகம் தெரியாத டிரைவர்களின் அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சத்தை நம்பித்தான் அவன் ஊர் வந்து சேர்ந்திருக்கிறான்.

ஒரு வளைவு. எதிரே கோழித் தீவன லாரி ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. நான் பயந்தாங்கொள்ளி. தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினேன்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் பைக் வலது பக்கம் ஏறி வருவது தெரிந்தது.

ஏன் வருகிறான்? எதற்கு வருகிறான்? கத்தினேன். ஏசி காருக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? பைக்கின் முன்னால் அந்தக் குழந்தை. லாரியின் ஹாரன் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். கார் மண்ணில் இறங்கிக் குலுங்கியது. சீர்த் தட்டுகள் உருண்டன. லாரி உரசுவது போலக் கடந்து போனது.

புழுதி. கண்ணாடியைப் பார்த்தேன். பைக் இல்லை.

கதவைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தால் பார்க்க வேண்டியிருக்குமே... இறங்காமலே உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காதது போல இருக்கும் என்று ஒரு கிறுக்கு நினைப்பு.

"முன்னால பாருங்க" என்றார் மனைவி. குரல் அவருடையதாகவே இல்லை.

நான் விலகிக் கொடுத்த இடத்துக்குள் நுழைந்து, பைக் என் காருக்கு முன்னால் நின்றிருந்தது. குமரேசன் மகளை இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் மாப்ள இப்படி வந்த?"

"நீங்கதானுங்க மச்சான் லெஃப்ட்டு போட்டுப் போகச் சொன்னீங்க!"

"நான் எங்கய்யா போட்டேன்?"

"ஸ்லோ பண்ணுனீங்க, மஞ்ச லைட்டு மினுக்கு மினுக்குன்னுச்சு. நான் என்ன குருடனுங்களா?"

மனைவியைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். வலது பக்கம் சிவப்பு எரிந்தது. இடது பக்கம், ஆவிக்கு நடுவே, மஞ்சள். கால் அழுத்தினால் எரிந்தது, எடுத்தால் அணைந்தது. உள்ளே நின்ற தண்ணீர் ஒயர்களை எப்படியோ கலந்துவிட்டிருக்கிறது.

எதிரே லாரி வருகிறதே என்று பயந்து நான் பிரேக் போட, 'யாரும் வரவில்லை, போ' என்று என் முதுகு சொல்லியிருக்கிறது!

"அது சரி, அவ்வளவு ஒட்டிக்கிட்டு எதுக்கு மாப்ள வந்த?"

குமரேசன் மகளைப் பார்த்தான். "இவதானுங்க... மீனைப் பாக்கோணும், கிட்டப் போங்கப்பான்னு ஒரே அழுவ."

மீதி தூரத்துக்கு அவர்களை முன்னால் போகவிட்டு, நான் பின்னால் ஓட்டினேன். எருமப்பட்டிப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் இனியா அப்பளத்தை நொறுக்கித் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்த்துச் சீவிச் சிங்காரிக்கிறோம். நம் பின்பக்கம் ஊருக்கு என்ன சொல்லிக்கொண்டு போகிறது என்று யார் பார்க்கிறோம்? இன்றைக்கே வீட்டில் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

மறுநாள் விளக்கைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி, மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். ரப்பரும் புதுசு வாங்கியாயிற்று. சாயந்திரம் இனியா வந்தாள். காலி விளக்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மீன் எங்கீங்க மாமா?"

"மீனே இல்ல சாமி. எப்பவுமே இருந்ததில்ல. மாமா பொய் சொல்லிட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போங்க மாமா... எப்பப் பாரு உங்களுக்கு வெளையாட்டுத்தான்!"