ஒன்றேகால் அங்குலம்

சனிக்கிழமை காலையில் துணி உலர்த்தப் போவதற்கு முன்னால் கார் கொட்டகையின் தரையைக் காந்தத்தால் துழாவி எடுப்பது அவளுடைய வேலை. விளக்குமாற்றால் பெருக்கினால் இரும்புத்தூள் தரை வெடிப்புகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைத் துணியில் முடிந்து, கயிறு கட்டி, நாய்க்குட்டியை நடத்திப் போவதுபோல் தரையோடு இழுத்துக்கொண்டு போவாள். கடைசியில் முடிச்சை அவிழ்த்துக் காந்தத்தை வெளியே எடுத்தால் தூள் மொத்தமும் காகிதத்தில் உதிர்ந்துவிடும். மகள் வெறுங்காலோடு திரிகிறவள். ஒருமுறை அவள் குதிகாலில் ஒரு துணுக்கு ஏறிவிட்டது. பெண்ணைவிட அம்மாதான் அதிகமாக அலறினாள் என்று அந்தக் கதை இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று காகிதத்தில் ஒரு கைப்பிடி தூள் சேர்ந்தது. அத்தனையும் ஒரே இடத்தில் கிடைத்தது. காரின் இடது கதவுக்கு நேர் கீழே.

நேற்று மாலை முழுக்க அரம் கரகரத்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. "கதவு கொஞ்சம் இடிக்குது, சீவி விட்டுடறேன்" என்றார் கணவர். போன மாதமும் அதே கதவைத்தான் சீவினார். ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று சரியில்லை என்று பட்டுக்கொண்டேதான் இருக்கும் என்பதால், அதை ஒரு சாட்சியாக யாரிடமும் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

வீட்டில் அவளுக்கு 'சைரன்' என்று பெயர். கணவர் வைத்தது. பக்கத்து வீட்டில் ரொட்டி கருகிய வாசனைக்கு மாடி முழுக்க ஆட்களைக் கீழே இறக்கித் தெருவில் நிறுத்தியவள் அவள். மகள் நீச்சல் வகுப்பில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் மறுநாளே போய் மகள் பெயரை வெட்டிவிட்டு வந்தவளும் அவள்தான். அந்தக் கோபம் மகளுக்கு இன்னும் தீரவில்லை. "எங்கம்மா இல்லைன்னா நான் இந்நேரம் கடலையே தாண்டியிருப்பேன்" என்று தோழிகளிடம் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சிரித்துவைப்பாள். பயப்படுகிறவளுக்குப் பயம் மட்டும் பாரம் இல்லை. பயந்தது வீணாய்ப் போன கணக்கையும் சேர்த்துச் சுமக்கவேண்டும்.

தொழில், தையல். முன் அறையில் மோட்டார் வைத்த இயந்திரம், அதன் இடப்பக்கம் பள்ளிச் சீருடைகள், வலப்பக்கம் திரைச்சீலைகள். எதையும் இரண்டு முறை அளந்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் கத்தரியை எடுப்பாள். அந்த விஷயத்தில் மட்டும் அவளை யாரும் கேலி செய்ததில்லை. பயந்தாங்கொள்ளி வெட்டிய துணி வீணாவதே இல்லை.

கணவர் லிப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் இருபத்தாறு வருடமாக லிப்ட் பார்க்கிறவர். பழுது பார்த்தபின் அவர் மட்டும் தனியாக ஏறி, மேலே கீழே மூன்று தடவை போய் வந்தபிறகுதான் வேறு ஒருவரை உள்ளே விடுவார். கயிற்றில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் 'பழுது' பலகையை மாட்டிவிட்டு வந்துவிடுவார். முதலாளியே வந்து கெஞ்சினாலும் சரி. ஊருக்கெல்லாம் அப்படி இருக்கிற மனிதர், தன் வீட்டுக் கொட்டகையில் மட்டும் வேறு ஆளாகிவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மேலே துணிக்கூரை போட்டு மடக்கிவைக்கிற திறந்த கார். யாரோ ஒரு மருத்துவரின் கொட்டகையில் பதினெட்டு வருடம் பூட்டிக்கிடந்தது. கூரைத் துணியை எலி தின்றிருந்தது. கதவுக்குக் கீழே, காலை வைத்து ஏறும் படியோடு ஓடுகிற நீண்ட தகரப் 'படிப்பெட்டி' இரண்டு பக்கமும் துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் பிஸ்கட்போல் நொறுங்கியது.

"இதுல உக்காந்து போறதா?" என்றாள் அவள்.

"இல்ல, இத நாம தூக்கிட்டுப் போறோம்" என்றார் அவர்.

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கும் அதன்மேல் ஒரு ஈடுபாடு வந்துவிட்டது என்பதும் உண்மை. கரும்பச்சை வண்ணத்தை அவள்தான் தேர்ந்தாள். இருக்கைகளுக்கு மகள் கேட்ட கடுகு நிறத்தில் உறை தைத்தாள். அவர் பழைய லிப்ட் ஒன்றின் பொத்தான் பலகையைக் கொண்டுவந்து ஸ்டியரிங் பக்கத்தில் பதித்தார். ஒன்றை அமுக்கினால் எஞ்சின் கிளம்பும். இரண்டுக்கு முன்விளக்கு. மூன்றுக்குக் கண்ணாடி துடைப்பான். சிவப்பு அபாயப் பொத்தானை ஹாரனாக்கி, அதன்கீழ் சின்னதாக 'அம்மா' என்று எழுதி ஒட்டினார். மகள் அதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

கூரைத்துணிக்கு முதல் வருடமே அளவெடுத்துவிட்டாள். முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சியிலிருந்து இருக்கைக்குப் பின்னால் உள்ள உடம்பின் விளிம்பு வரை. நோட்டில் இருக்கிறது: ஐம்பத்திரண்டே கால் அங்குலம். இரு பக்கமும் ஒரே அளவு. இரண்டு முறை அளந்ததற்கு இரண்டு டிக்.

அதற்குப்பிறகுதான் அவர் துருப்பிடித்த படிப்பெட்டிகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெல்டிங் இயந்திரத்தைக் கடனாக வாங்கி வந்திருந்தார். அவளுக்கு அன்று கொடுத்த வேலை, வாளி நிறையத் தண்ணீரோடு பக்கத்தில் நிற்பது. நின்றாள். பொறி பறக்க ஆரம்பித்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மாலை நாலு மணிக்கு "ஆச்சு, கண்ணத் தொறக்கலாம்" என்று அவர் சொன்னபோதுதான் திறந்தாள்.

நாளை ஞாயிறு. மகளுக்கு மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, திங்களன்று சேரவேண்டும். காலை ஆறு மணிக்கு அந்தக் காரிலேயே, கூரையை மடக்கிவிட்டு, மூவரும் போவதாக ஏற்பாடு. முப்பது கொண்டைஊசி வளைவு. ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் சாலை.

இரும்புத்தூளைக் காகிதத்தோடு மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு அவள் காரைப் பார்த்தாள். நோட்டில் இருந்த அந்த அளவுக்கே வெட்டித் தைத்து வியாழக்கிழமை மாட்டிய புதுக் கூரைத்துணி நடுவில் தொய்ந்து கிடந்தது. இரவு பெய்த தூறலில் கொட்டகை ஒழுகி, ஒரு கிண்ணம் தண்ணீர் அதில் தேங்கியிருந்தது. "துணி நீண்டு போச்சு பாரு, தொளதொளன்னு" என்று அவர் வியாழனன்றே சொல்லியிருந்தார். அவளும் மனசு சுருங்கி ஒப்புக்கொண்டிருந்தாள்.

இப்போது உள்ளே போய் டேப்பை எடுத்துவந்தாள். முதலில் துணியை அளந்தாள். வெட்டும்போது இருந்த அளவு, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு காரை அளந்தாள். ஐம்பத்தொன்று. டேப் வழுக்கியிருக்கும் என்று மறுபடி அளந்தாள். ஐம்பத்தொன்று. மறுபக்கம் போய் அளந்தாள். ஐம்பத்தொன்றுதான்.

துணி நீளவில்லை. வண்டி சுருங்கியிருக்கிறது.

நோட்டில் பழைய அளவுக்குப் பக்கத்திலேயே அதை எழுதினாள். துணி உலர்த்த மறந்துபோயிற்று. நூல்கண்டு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். "கிளம்பற நாளுக்கு முந்தின நாள் என்னம்மா நூலு?" என்று உள்ளிருந்து மகள் கேட்டது காதில் விழாத மாதிரி நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு டிங்கர் இருந்தார். அடிபட்ட கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர். அவருடைய கடைப் படுதாவை இரண்டு தடவை தைத்துக் கொடுத்திருக்கிறாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"இத வளைச்சுப் பாரு தங்கச்சி."

முயன்றாள். வளையவில்லை.

அவர் குச்சிகளைக் கையில் கொட்டிக்கொண்டு, மேலுறையை உருவிவிட்டு உள்தட்டை மட்டும் கொடுத்தார். அது அவள் விரலுக்குள் நடுவில் மடங்கியது.

"கூரை இல்லாத வண்டி இதான். மேல பிடிமானம் கிடையாது. கீழ ஓடற அந்தப் படிப்பெட்டிதான் முதுகெலும்பு. அத வெட்டறதுக்கு முன்னாடி, கதவு வாசல்ல குறுக்கா ஒரு இரும்புக் கம்பிய வச்சுப் பத்த வச்சுடணும். இல்லைன்னா வெட்டின உடனே வண்டி நடுவுல தொங்கிடும். தொங்கினா கதவு வாசல் மேல்பக்கம் குறுகும். கதவு இடிக்கும்."

"கதவ ரெண்டு தடவ சீவிட்டாருண்ணே."

டிங்கர் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். "கம்பி வச்சாரா இல்லையா? அத மட்டும் கேளு."

"வைக்கலைன்னா?"

"வளைஞ்ச வாக்குலயே புதுப் பெட்டி ஒட்டியிருக்கும். தெருவுக்குள்ள ஓட்டினா தெரியாது. இறக்கத்துல, வளைவுல, மூணு பேர் கனத்தோட பிரேக் போடறப்பதான் அந்த ஒட்டு பேசும். கதவு தானாத் தொறக்கலாம். நடுவுல விட்டும் போகலாம். ஒண்ணும் ஆகாமலும் போகலாம்."

"எது ஆகும்?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா தகரம் தட்டிக்கிட்டிருக்கேன்?" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

திரும்பி நடக்கையில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கண்ணுக்குள் வளைவு வளைவாகச் சாலை இறங்கியது. கடுகு நிற இருக்கையில் மகள். காற்றில் முடி. திறக்கிற கதவு. அவள் வாய்விட்டு "சீ" என்றாள். எதிரே வந்த ஒருவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று ஒதுங்கிப் போனார். இத்தனை வருடமும் பயத்துக்கு ஒரு உருவம் இருந்ததில்லை. புகை மாதிரி எங்கும் இருந்தது, எங்கும் இல்லாமலும் இருந்தது. இன்று அதற்கு அளவு இருக்கிறது. ஒன்றேகால் அங்குலம். அதுதான் தாங்கமுடியவில்லை.

சொல்லவும் பயமாக இருந்தது. மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். அவர் கையில் தீக்காயத் தழும்புகள். சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் அவளும் சிரித்துவிடுவாள். அவளுக்குத் தன்னைத் தெரியும். சிரித்துவிட்டு, காலையில் பின் இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

மாலை ஐந்து மணிக்குச் சமையலறை மேசையில் அவர் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாவி. மகள் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க. படிப்பெட்டிய வெட்டறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்கா கம்பி வச்சீங்களா?"

"எந்தக் கம்பி?"

"வண்டி தொங்காம இருக்க."

துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. "நீயும்தான் வாளியோட பக்கத்துல நின்ன. பாக்கலையா?"

"கண்ண மூடிக்கிட்டிருந்தேன்."

மகள் வெடித்துச் சிரித்தாள். "கேட்டியாப்பா? காவலுக்கு நிறுத்தின ஆளு கண்ண மூடிக்கிட்டிருந்தாளாம்! சைரன் ஆரம்பிச்சாச்சு. நாளைக்கு முப்பது வளைவுலயும் இதான் பாட்டு."

அவள் உதடும் சிரிக்கப் பார்த்தது. அதைக் கடித்துக்கொண்டாள். நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே இன்று எழுதிய அளவு.

"துணி நீண்டிருக்கும்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

"துணியத்தான் மொதல்ல அளந்தேன். அது வெட்டினப்ப இருந்த மாதிரியே இருக்கு. வண்டிதான் ஒண்ணேகால் இன்ச் குறைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும்."

"இரும்பு எங்கயாவது சுருங்குமாம்மா? வெயில்ல காயப்போட்டியா?" என்றாள் மகள்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டில் இருந்த இரண்டு டிக்கையும் பார்த்தார். கண்ணாடியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். லிப்ட் கயிற்றில் பிரிந்த நூலைக் கண்டால் அவர் இடது காதைத் தேய்த்துக்கொள்வார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லி அவளுக்குத் தெரியும். வீட்டில் அவர் அப்படிச் செய்து பார்த்ததில்லை. இப்போது இடது காதைத் தேய்த்தார்.

அவர் கேலி செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் போலிருந்தது.

"உங்க லிப்டா இருந்தா ஏத்துவீங்களா?" என்றாள். "நம்ம பொண்ண?"

மகள் டேப்பைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "வச்சேன்னு சொல்லிடுப்பா. அம்மா கொஞ்சமாவது தூங்கட்டும்."

அவர் நோட்டை மூடினார். மூடிய நோட்டை மனைவி பக்கம் நகர்த்தினார். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். சாவி மேசைமேலேயே கிடந்தது.

"அப்பா, காலைல ஆறு மணிக்குத்தானே?"

அவர் துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைத் தாண்டி, வாசலில் கிடந்த வேலைப்பையிலிருந்து 'பழுது' பலகையை எடுத்துக்கொண்டு, கொட்டகைப் பக்கம் போனார்.