அப்பாவின் முதுகில் மாட்டு மை

உடம்பின் மற்ற பாகங்களைப் படிப்பதில் எனக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. கையைப் படிக்க வேண்டுமென்றால் என் கையையே மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வேன். காலும் அப்படித்தான். முதுகு மட்டும்தான் நம்முடையதாக இருந்தும் அடுத்தவர் பார்ப்பதற்கென்றே அமைந்திருக்கிறது. பிசியோதெரபி முதல் வருடத்தில் உடற்கூறியலில் நான் தோற்றதற்கு இதைத்தான் காரணமாகச் சொன்னேன். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் சறுக்கியது வாய்மொழித் தேர்வில். தேர்வாளர் ஒரு படத்தைக் காட்டினார். பின்மண்டையில் தொடங்கி, இரண்டு தோளுக்கும் விரிந்து, முதுகின் நடுவில் கூராக முடிகிற தசை. டிரபீசியஸ் என்றேன். அதை இயக்குகிற நரம்பு எது என்றார். மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகளில் பதினோராவது. எல்லாம் தெரியும், வாய்க்குத்தான் வரவில்லை. பாவம் என்று சுலபமான கேள்விக்கு வந்தார். ரத்தம் எந்த வகைத் திசு?

"ரத்தம் திசு இல்லீங்க சார். அது தண்ணியாட்டம்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

உடம்பில் இருப்பது நான்கே வகைத் திசுக்கள். மேலே போர்த்தியும் உள்ளே பூசியும் இருப்பது எபிதீலியம். சுருங்கி விரிவது தசைத் திசு. சேதி கொண்டுபோவது நரம்புத் திசு. இந்த மூன்றிலும் சேராத எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, தசையை எலும்போடு கட்டும் நாண், ரத்தம் எல்லாம் இணைப்புத் திசு. இதை மறந்திருக்கவே கூடாது, ஏனென்றால் எங்கள் அத்தை ஓர் இணைப்புத் திசு. அப்பாவின் தங்கையான அவர் யாரையாவது யாரோடாவது கட்டிவைக்காமல் ஒரு மாதம்கூடச் சும்மா இருந்ததில்லை. எந்தக் குடும்பத்தில் என்ன நடந்தாலும் இரண்டு தரப்புக்கும் நடுவில் அத்தை உட்கார்ந்திருப்பார்.

நான் தோற்ற சேதி போன வேகத்திலேயே அத்தை ஒரு வரனோடு வந்தார். பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்பு, ஒரே பையன்.

"பொண்ணுப்புள்ள தோத்தது நல்லதுக்குன்னு வெச்சுக்கண்ணா. பாஸாயிருந்தா இன்னும் படிக்கோணும்னு நிக்கும்" என்றார்.

நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். என்னை மேசை நாற்காலி மாதிரி நினைத்துக்கொண்டு பேசுவது அத்தையின் வழக்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பித் தம்ளரைச் சத்தமாக வைத்தேன். அதையும் அவர் கவனிக்கவில்லை.

அப்பா எப்போதுமே அதிகம் பேச மாட்டார். எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். மண் கேரளம், பேச்சு கோயம்புத்தூர். அப்பாவுக்கு விவசாயம். மாடு வாங்க வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரச் சந்தைக்குப் போய் நாலு மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. என்னிடம் இவ்வளவுதான் சொன்னார்.

"இன்னொருக்கா எழுது கண்ணு. அதுலயும் போச்சுன்னா அத்தை சொல்றதப் பாத்துக்கலாம்."

ஆக, மறுதேர்வில் தேறினால் கல்லூரி, இல்லையென்றால் தென்னந்தோப்பு. தென்னந்தோப்பின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. அங்கே போய் உட்கார எனக்கு அவசரமில்லை, அவ்வளவுதான்.

படிக்க ஒரு முதுகு வேண்டியிருந்தது. அம்மாவைக் கேட்டேன், கரண்டியைக் காட்டினார். தொழுவத்துக்குப் போய் எருமையின் முதுகில் சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். அது பொறுமையாகத்தான் நின்றது. ஆனால் டிரபீசியஸின் ஒரு முனை போய் ஒட்ட வேண்டிய காறையெலும்பே மாட்டுக்குக் கிடையாது என்பது பாதி வரைந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, பொழுது சாயும் நேரத்தில் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்தார்.

"எருமைகிட்ட என்ன வம்பு? எம்மேல எழுதிப் படி" என்றார்.

நினைவு தெரிந்து நான் அப்பாவின் முதுகைத் தொட்டதில்லை. தொட்டதும் கூச்சத்தில் மீன் மாதிரி துள்ளினார். ஊரே பயப்படுகிற மனுஷன், தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் விரல் வைத்தால் சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறார். அதட்டிப் படுக்கவைத்தேன். அப்பாவை அதட்டியதும் அதுதான் முதல் தடவை.

பால்பாயிண்ட் பேனா வியர்வையில் வழுக்கியது. ஸ்கெட்ச் பேனா முடியிலேயே நின்றுவிட்டது. சந்தையில் மாடு கைமாறியதும் அடையாளத்துக்கு அதன் முதுகில் ஒரு நீல மையால் கோடு போடுவார்கள். அந்த மை எங்கள் வீட்டு மாடத்தில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். அதில் குச்சியைத் தோய்த்தேன். அருமையாகப் பிடித்தது. டிரபீசியஸை வரைந்து ஒன்று என்று போட்டேன். அக்குளிலிருந்து இடுப்புவரை அகன்று கிடக்கும் லேட்டிசிமஸ் டார்சைக்கு இரண்டு. தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில், டிரபீசியஸுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ராம்பாய்டுக்கு மூன்று. முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் எரெக்டார் ஸ்பைனேக்கு நான்கு. முதுகெலும்பின் முடிச்சுகளைத் தடவி எண்ணி ஆங்கில எழுத்தில் குறித்தேன். அன்றைக்கு இரண்டாவது தசையோடு படிப்பை நிறுத்தினோம். அப்பா தூங்கிவிட்டார்.

அந்த மை மழைக்கும் அழியாது, குளத்து நீருக்கும் அழியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராததுதான் எங்கள் பரம்பரைக் குணம்.

அன்றைக்கே அத்தை போன் செய்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் காலையில் எங்கள் ஊர் அம்பலத்துக்கு, அதாவது கோயிலுக்கு, வருகிறார்களாம். நாங்களும் போய் யதேச்சையாகச் சந்திக்க வேண்டுமாம்.

அப்பா விடிந்ததும் குளித்தார். நன்றாகத் தேய்த்துக் குளித்தீர்களா என்று அம்மா கேட்டதற்கு, தேய்த்தேன் என்றார். மனிதனின் கை தன் முதுகில் எதுவரை எட்டும் என்று படித்த நானே அதை நம்பினேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு மேல் பொத்தான் வரை மாட்டிக்கொண்டார். நான் பட்டுப்புடவையும் உர்ரென்ற முகமுமாகக் கிளம்பினேன்.

கேரளத்துக் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. எங்களுக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம் என்பதால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. வாசலில் அத்தையும் மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருந்தார்கள். அப்பா அவர்களுக்கு முகம் காட்டி வணக்கம் சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார். எங்களுக்கு முதுகு தெரிந்தது. நீலக் கோடுகளும் எண்களும் அப்படியே இருந்தன. அம்மா சட்டையை வாங்கிய கையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, ஒரு நிமிசங்கப்பா" என்றேன்.

"சாமி கும்புட்டுட்டுப் பேசலாம் கண்ணு" என்று சொல்லி, "வாங்க வாங்க" என்று அவர்களுக்கு வழிகாட்டித் திரும்பி நடந்தார்.

அப்பா முன்னால், மாப்பிள்ளையின் அப்பா அவருக்கு நேர் பின்னால். பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்த்தேன். நிதானமாக, மேலிருந்து கீழாக, செய்தித்தாள் படிப்பது போல அப்பாவைப் படித்துக்கொண்டே பிராகாரத்தைச் சுற்றினார். அத்தை என் முழங்கையைக் கிள்ளினார். எபிதீலியம் கிழிந்திருக்கும், அவ்வளவு அழுத்தம்.

எதிரே சந்தை மாட்டுத் தரகர் ஒருவர் வந்தார். அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். தாண்டிப் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க மாமா, உங்கள யாருங்க புடிச்சது? நல்ல வெலைங்களா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. தரகர் விரலால் அப்பாவின் முதுகில் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். பிராகாரத்தில் பத்துப் பேராவது சிரித்திருப்பார்கள். பின்னால் இருந்து எனக்கு அப்பாவின் காது மட்டும் தெரிந்தது. அது சிவந்துபோயிருந்தது. தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ரெண்டாம் நெம்பரு என்னங்க?" என்றார், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய குரலில்.

"எம்புள்ள படிக்கற பாடமுங்க. அவளையே கேளுங்க" என்றார் அப்பா.

"லேட்டிசிமஸ் டார்சைங்க" என்றேன். "மேல தூக்குன கையில எதையாச்சும் புடிச்சுக் கீழ இழுத்தா, அது வேலை செய்யுமுங்க."

அந்த நேரம் பார்த்து ஒருவர் கையை உயர்த்தி மணிக்கயிற்றை இழுத்தார். அவருடைய விலாவில் அந்தத் தசை பாய் போல விரிந்து சுருங்கியது. பெரியவர் வாய் பிளந்து பார்த்தார். நானும்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதுகுக்காக எருமைவரை போன நான், வாரம் தவறாமல் இந்தக் கோயிலுக்கு வந்து சாமியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். சுற்றிலும் முதுகுகள். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் டிரபீசியஸ் கழுத்தின் இரு பக்கமும் திரண்டு நின்றது. செண்டைக்காரர் கோலை வீச வீச அவருடைய தோள்பட்டை எலும்பு நகர்ந்தது. விழுந்து கும்பிட்டவர் எழுந்தபோது எரெக்டார் ஸ்பைனே இரண்டு கயிறாகப் புடைத்தது. சட்டை கூடாது என்று விதி செய்த புண்ணியவானுக்கு என் கல்லூரியில் ஒரு சிலை வைக்கலாம்.

பெரியவர் விடவில்லை. "எனக்கு நாலாம் நெம்பர்லதானுங்க புடிச்சுக்கும்" என்று அப்பாவின் இடுப்புக்கு மேல் கைவைத்துக் காட்டினார். எப்படிக் குனிந்து தேங்காய் மூட்டையை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். தரகரும் தன் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஒண்ணாம் நெம்பருக்குக் கரண்டு எங்கிருந்து வருதுங்க?" என்றார் பெரியவர். பதினோராவது நரம்பு என்று வாய் தானாகச் சொன்னது.

வெளியே வந்து, ஆலமரத்தடியில் அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மகிழ்ச்சி முகத்தில் வழிந்தது.

"எங்களுக்கு நெம்பப் புடிச்சுப்போச்சுங்க. ஊட்ல எல்லார்த்துக்கும் முதுகு வலிதான். பொண்ணு வந்தா ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியதில்ல. பரீட்சையெல்லாம் எதுக்குங்க, நானே பாஸ் போட்டுட்டேன். அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சுக்கலாம்."

அத்தையின் முகம் மத்தாப்பாக மலர்ந்தது. எனக்கு அழுகை முட்டியது. தோற்றிருந்தாலாவது மறுதேர்வு என்று ஒன்று இருந்திருக்கும். இப்படி நன்றாகப் பதில் சொல்லியே மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை. அப்பா அம்மாவிடமிருந்து சட்டையை வாங்கி, மெதுவாக ஒவ்வொரு கையாக நுழைத்தார். பொத்தானைப் போட்டபடியே பேசினார்.

"சந்தையில கைமாறுன மாட்டுக்குத்தானுங்க மை போடறது."

"ஆமாங்க" என்றார் பெரியவர்.

"இங்க மை போட்டிருக்கறது எனக்குங்க. என்ற புள்ளைக்கு இல்லீங்க. அவ படிக்கட்டும்."

அவ்வளவுதான் பேசினார். பெரியவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. பொண்ணு படித்து முடித்ததும் இடுப்பைக் காட்ட வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தைதான் எங்கள் காரில் ஏற மாட்டேன் என்று பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். மறுதேர்வில் தேறினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அத்தை இன்னும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தேங்காயெண்ணெயும் பழந்துணியுமாக அப்பாவின் பின்னால் வந்து நின்றார். சந்தையில் இனி எப்படித் தலைகாட்டுவது என்று அப்பா எரிந்து விழுவார் என்று நினைத்தேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"பரீட்சை முடியற வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

சட்டையைக் கழற்றிக் கட்டிலில் குப்புறப் படுத்து, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"மூணாம் நெம்பரு கண்ணு. சத்தமாப் படி, எனக்கும் கேக்கட்டும்" என்றார் அப்பா.