டைரக்டர் ஐயா இன்னும் இருக்கிறார்

மைக்கில் பேசுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு கருத்தும் கிடையாது என்று ஊர் நம்பினால்தான் இந்தத் தொழிலை நிம்மதியாகச் செய்யலாம். எங்கள் ஊர் அப்படி நம்புவதில்லை.

ஹட்டன் டவுனில் எனக்கு ஒலிபெருக்கிக் கடை. கோயில் திருவிழா, கல்யாணம், தொழிற்சங்கக் கூட்டம், மரண அறிவித்தல் என்று எல்லாவற்றுக்கும் பெட்டியும் மைக்கும் வாடகைக்குக் கொடுப்பேன். கேட்டால் நானே பேசியும் விடுவேன். சனிக்கிழமைகளில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் கிரவுண்டில் அறிவிப்பாளர் வேலை. மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ரயில் பாதை, நடுவில் கிரவுண்ட். பெவிலியனுக்கு மேலே ஒரு சின்ன அறை. அதுதான் என் இடம்.

சில வருஷங்களுக்கு முன் கொழும்பில் ஹோட்டல் நடத்தும் அண்ணன் தம்பி இருவர் கிளப்பை வாங்கினார்கள். அவர்களை ஊருக்குப் பிடிக்கவில்லை. ஊரை அவர்களுக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை, அபூர்வமாகத்தான் வருவார்கள். அவர்கள் சார்பில் இங்கே எல்லாவற்றையும் பார்க்கிறவர் டைரக்டர் அருளானந்தம் ஐயா. ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இவர்களுக்கு முன்பிருந்த முதலாளி காலத்திலும் அவர்தான் டைரக்டர், அதற்கு முன்பும் அவர்தான். டீம் தோற்றால் கோச் மாறுவார், ஆட்டக்காரர் மாறுவார்கள், அவர் மட்டும் மாறமாட்டார். முதலாளி தூரத்தில் இருப்பதால் ஏச்செல்லாம் டைரக்டருக்கு. டைரக்டர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதால் அந்த ஏச்சு முதலில் எனக்கு. மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே நிற்பவரிடம் சொல்லிப் பிழைக்கிற யாருக்கும் இது புரியும். ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடுகிறவர், பேங்க் கவுண்டரில் இருக்கும் பிள்ளை, ரயில் பிந்துகிறது என்று சொல்லும் ஸ்டேஷன்காரர், எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான்.

ரசிகர்களின் வேண்டுகோள்

எங்கள் கிளப்புக்குப் பச்சை ஜெர்சி. யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்த நிறமல்ல. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைதானே. புது முதலாளிமார் வந்த அடுத்த சீசனில் அது ஊதாவாகிவிட்டது. அவர்களுடைய ஹோட்டல் போர்டு ஊதா, அங்கே சாப்பாடு பரிமாறுகிறவர்களின் சட்டையும் ஊதா. முதல் ஆட்டத்தன்று டைரக்டர் ஐயா ஒரு துண்டுத் தாளை என் முன்னால் வைத்தார். "ரசிகர்களின் நீண்டகால வேண்டுகோளுக்கு இணங்க" என்று தொடங்கியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "வாசிங்க மோகன், மழை வரப்போகுது" என்றார். வாசித்தேன்.

ஊதாச் சட்டையோடு எங்கள் பிள்ளைகள் ஓடி வந்தபோது கைதட்டல் இல்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர், "தம்பி, இந்தப் பக்கம் ஒரு பிளேன்டீ" என்று குரல் கொடுக்க, கிரவுண்டே சிரித்தது. ஆட்டக்காரர்கள் சிரிக்கவில்லை. அன்றைக்குத் தோற்றோம். ஆட்டம் முடிந்து நான் படியிறங்கும்போது கீழே முத்துலட்சுமி அக்கா நின்றிருந்தார். மேல் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். சனிக்கிழமை வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆட்டத்துக்கு வந்துவிடுவார். கோபமாக இருப்பது போலத் தெரியவில்லை, களைப்பாகத்தான் இருந்தார். "மோகன் தம்பி, வேண்டுகோள் வச்ச அந்த ரசிகர அடுத்த வாரம் மைக்ல கூப்பிடுங்க. நாங்களும் ஒரு தடவ பார்த்துக்கிறோம்."

சுரேஷின் எதிர்காலம்

எங்களுக்கு ஒழுங்காகக் கோல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் சுரேஷ். பந்து அவன் காலுக்குப் போனாலே கூட்டம் எழுந்து நிற்கும். சீசன் பாதியில், எங்கள் பரம எதிரிகளான பக்கத்து ஊர்த் தலவாக்கலைக்காரர்களோடு ஆட்டம் வருவதற்கு முந்தைய வாரம், அவனைக் கொழும்பில் ஒரு பெரிய கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். "அவருடைய ஒளிமயமான எதிர்காலத்தை முன்னிட்டு நிர்வாகம் பெரிய மனதோடு விடுவித்துள்ளது" என்று நான் வாசிக்க வேண்டியிருந்தது. பெரிய மனது என்ற இடத்தில் எனக்கு இருமல் வந்தது. உண்மையான இருமல்தான், ஆனால் யாரும் நம்பவில்லை.

சுரேஷின் அப்பா மாரிமுத்து அண்ணன் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை செய்கிறவர். மகன் போன பிறகும் அவர் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. எப்போதும் உட்காரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, மகன் இடத்தில் விளையாடுகிற பையன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். அந்தப் பையனை அவர் ஏசி நான் கேட்டதில்லை. ஒருநாள் இடைவேளையில் மைக் ரூமுக்கு ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். "எம்மகனோட எதிர்காலம் நல்லாயிருக்கும்னு வாசிச்சீங்க, சந்தோசம். நம்ம டீமோட எதிர்காலத்தப் பத்தி ஏதும் எழுதிக் குடுத்தாங்கன்னா அதையும் ஒருக்கா வாசிங்க."

மூட்டத்துக்குள்ளே

எங்கள் கிரவுண்டில் பனிமூட்டம் இறங்கினால் எதிர் கோல் தெரியாது. கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கக் கோலும் தெரியாது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அப்படி ஒரு நாள், நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு நிற்கும்போது மூட்டம் வந்து மூடியது. பிறகு வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல், "டைரக்டர் வெளியே போ" என்றது. இன்னொன்று சேர்ந்தது. பிறகு கிரவுண்ட் முழுவதும் ஒரே தாளத்தில் அதையே சொல்லத் தொடங்கியது. முகம் தெரியாது என்ற தைரியத்தில் சாதுவானவர்களெல்லாம் கத்தினார்கள்.

டைரக்டர் ஐயா என் அறைக்கு வந்தார். சத்தத்தை அடக்கப் பாட்டுப் போடச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் ஜன்னலோரம் போய் நின்றார். குளிருக்கு மஃப்ளர் சுற்றியிருந்தார். எவ்வளவு நேரம் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றாரோ, திடீரென்று காற்றடித்து மூட்டம் விலகிவிட்டது. எல்லோரும் வாயைத் திறந்தபடி அகப்பட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வாயை மூடி, குடையைச் சரி செய்து, வேறு பக்கம் பார்த்தார்கள். நசீர் நானா மட்டும் நிறுத்தவில்லை. பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர், டைரக்டர் ஐயா தினமும் காலையில் பேப்பர் பார்ப்பது அவர் கடையில்தான். ஐயாவின் முகத்தை நேராகப் பார்த்தபடி தனியாக இன்னும் இரண்டு தடவை கத்திவிட்டு உட்கார்ந்தார். ஐயா லேசாகத் தலையசைத்துவிட்டுக் கீழே போனார்.

திங்கட்கிழமை வயர் வாங்க நானாவின் கடைக்குப் போனேன். மூலையில் ஐயா வழக்கம்போல் பேப்பர் விரித்துக்கொண்டு இருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரே தட்டில் இரண்டு டீ. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நானா வயரை அளந்துகொண்டே, ஐயாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். "மூட்டத்துல கத்துனதும் நான்தான், வெளிச்சத்துல கத்துனதும் நான்தான். ரெண்டும் இவருக்கு வெளங்கல, வேற என்னத்தச் செய்ற, டீ குடுக்கேன்."

வெளியே நின்று பார்த்தவர்கள்

ஒரு கட்டத்தில் ரசிகர்கள் கிரவுண்டுக்குள் வருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வராமல் இருந்தார்கள், ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கேட்டுக்கு வெளியே மேலே ஏறும் தேயிலைச் சரிவில், செடிகளுக்கு நடுவே வரிசையாக நின்றார்கள். முதலாளிமார் ஊருக்கு வந்திருந்த அன்று எல்லோரும் கிரவுண்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கீழே வெறும் பெஞ்சுகள். நான் அவற்றைப் பார்த்து, "திரளாக வருகை தந்திருக்கும் ரசிகப் பெருமக்களை வரவேற்கிறோம்" என்று வாசித்தேன். தம்பி முதலாளி மேலே பார்த்து, அங்கே நிற்பது யார் என்று டைரக்டர் ஐயாவிடம் கேட்டார். "வேலையாட்கள்" என்றார் ஐயா. பொய் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது பாதியில் எங்கள் ஆள் ஒருவன் பாதிக் கிரவுண்டைக் கடந்து ஓடி, ஒரு கோல் அடித்தான். சரிவில் நின்ற முதுகுகளெல்லாம் ஒரே நொடியில் திரும்பின. கைதட்டலும் விசிலும் மலையிலிருந்து இறங்கி வந்தன. பிறகு ஞாபகம் வந்து, மறுபடியும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். தனக்குத்தான் என்று நினைத்து அண்ணன் முதலாளி எழுந்து மலையைப் பார்த்துக் கையசைத்தார். மாலையில் பஸ் ஸ்டாண்டில் முத்துலட்சுமி அக்காவிடம் இதைச் சொன்னேன். "நாங்க தட்டுனது புள்ளைங்களுக்கு. அத அவரு எடுத்துக்கிட்டாருன்னா, திருப்பிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

நான் வாசிக்காதது

கிரவுண்டுக்குக் கீழே ரயில் பாதையோரம் ஒரு பயிற்சி மைதானம் இருந்தது. தோட்டத்துப் பெண் பிள்ளைகளின் டீம் அங்கேதான் பழகும். முத்துலட்சுமி அக்காவின் மகள் அதில் கோல்கீப்பர். அந்த நிலத்தில் முதலாளிமார் ஹோட்டல் கட்டப் போகிறார்கள் என்று பஜாரில் எல்லோருக்கும் தெரியும். வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் திரும்பவும் உள்ளே வரத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, "திருத்த வேலைகளுக்காகத் தற்காலிகமாக மூடப்படுகிறது" என்று எழுதி வந்தது. இதை நான் வாசிக்கமாட்டேன் என்று டைரக்டர் ஐயாவிடம் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியாது.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். இத்தனை வருஷத்தில் அவர் குரலைக் கிரவுண்ட் கேட்டது அன்றுதான். திருத்த வேலை என்று அவர் வாசிக்கவில்லை. தற்காலிகம் என்றும் வாசிக்கவில்லை. "பயிற்சி மைதானம் மூடப்படுது. அங்க ஹோட்டல் வருது. கையெழுத்து வச்சது நான்" என்றார். கீழே எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாரோ காலிலிருந்து கழற்றி எறிந்த ஒரு பழைய சப்பாத்து பறந்து வந்து சுவரில் பட்டு விழுந்தது. சத்தம் ஓயும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். ஏன் ஐயா கையெழுத்து வைத்தீர்கள், பேசாமல் பதவியை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டேன். "நான் போனா அந்த நாற்காலிக்குக் கொழும்புலருந்து ஒருத்தர் வருவாரு. அவருக்கு இவங்க ஏசுறது என்னன்னுகூட வெளங்காது, மோகன்."

திறந்த கேட்

அதன் பிறகு பெண் பிள்ளைகள் விடியற்காலையில் பெரிய கிரவுண்டில் பழகத் தொடங்கினார்கள். முதலாளிமாருக்குத் தெரியாது. வீட்டிலிருந்து நடந்து வந்து கேட்டைத் திறந்து விடுகிறவர் டைரக்டர் ஐயா. பிள்ளைகள் போகும்வரை பெவிலியன் படியில் மஃப்ளரோடு உட்கார்ந்திருப்பாராம். எனக்கு அவர்மேல் இருந்த கசப்பு கொஞ்சம் குறைந்தது. அந்த நல்ல செய்தியைச் சுமந்துகொண்டு முத்துலட்சுமி அக்காவிடம் போனேன். அவருக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. "தொறந்து விடுறாரு, நல்லது. எம்மக அவருக்குக் காலையில டீகூடக் கொண்டு போறா. ஆனா கீழ இருந்தத மூடுனது யாருன்னு நானு மறக்கணும்னா, அது முடியாது தம்பி."

பட்டாசு

கடைசியில் அண்ணனும் தம்பியும் கிளப்பை விற்றுவிட்டார்கள். செய்தி வந்த அன்று பஜாரில் பட்டாசு வெடித்தார்கள். நசீர் நானா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுத்து வாயை இனிக்க வைத்தார். பழைய பச்சை ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மாரிமுத்து அண்ணன் டவுனில் நடந்து போனதை நானே பார்த்தேன். புது முதலாளியை அறிமுகப்படுத்தும் நாளில், வராமல் இருந்தவர்களெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பெஞ்சில் இடமில்லை. நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

கார் வந்து நின்றது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. புது முதலாளி இறங்கினார், இளைஞர், சிரித்த முகம். அவர் தலைக்கு மேலே ஒரு குடை. குடையைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே போய் முகத்தைப் பார்த்தால், அருளானந்தம் ஐயா. நான் அச்சடித்து வந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். புது முதலாளியின் பெயருக்குக் கீழே, "நமது கழகத்தின் டைரக்டர்" என்று அவர் பெயர் இருந்தது. வாசித்தேன். யாரும் கத்தவில்லை. அவ்வளவு களைத்துப் போயிருந்தார்கள். இடைவேளையில் நசீர் நானா படியேறி வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, நனைந்த கிரவுண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாங்குனவரு மேச, நாற்காலி, அலுமாரியோட இவரையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்காரு போல."

ஆக, எங்கள் ஊரில் ஒரு டீமுக்கு ரசிகராக இருப்பதென்றால், போகச் சொன்னால் போகாத ஒருவரை ஏசிக்கொண்டே, அவர் திறந்து விடுகிற கேட் வழியாகக் குடையோடு உள்ளே போய் உட்காருவது, அவ்வளவுதான்.